எதில் நனைத்தாலும் ஏழு

பி.எச். மீட்டரின் கண்ணாடிக் குமிழில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விழுந்துவிட்டால், அதன் பிறகு அந்தக் கருவி எலுமிச்சைச் சாற்றிலும் 7 காட்டும், சலவைச் சோடா கரைத்த தண்ணீரிலும் 7 காட்டும். கேபிள் முனையில் ஈரம் ஏறிவிட்டாலும் இதே கதைதான். குமிழின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே உண்டாகும் மின்னழுத்தத்தைத்தான் அது அளக்கிறது. அந்த மின்னழுத்தம் பூஜ்யமானால் அதற்குத் தெரிந்த ஒரே பதில் 7. அதாவது, அமிலமும் இல்லை, காரமும் இல்லை. ஆலைக் கழிவுநீரை ஆற்றில் விடுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 5.5 முதல் 9 வரை. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்வது 6.5 முதல் 8.5 வரை. இரண்டு வரம்புக்குள்ளும் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் எண் 7. ஆக, செத்துப்போன கருவி நம்மிடம் சொல்லும் செய்தி, எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுதான்.

இதை லேப் பையன்களின் பராமரிப்பு வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. சாயக் கழிவு ஆற்றில் கலக்கலாமா, மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் போட்ட குளோரின் கிருமியைக் கொல்லுமா, களர் நிலத்துக்கு ஜிப்சம் தேவையா, தோல் ஆலைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் தொழிலாளி உயிரோடு வீடு திரும்புவாரா என்பதையெல்லாம் தமிழ்நாட்டில் அன்றாடம் தீர்மானிக்கும் எண்களில் இது முதல் வரிசையில் இருக்கிறது. அந்த எண்ணைத் தரும் கருவியை, பி.எச். முன்கூட்டியே தெரிந்த இரண்டு மூன்று பஃபர் கரைசலில் நனைத்துச் சரிபார்க்கக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரம் செலவிடப்படுவதில்லை என்பதே நமது புகார்.

அந்தக் கண்ணாடிக் குமிழைத் தாங்கிய எலெக்ட்ரோடு ஒரே நாளில் செத்துப்போவது அபூர்வம். மெல்ல மெல்லக் கெட்டுப்போவதுதான் வழக்கம், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. நல்ல எலெக்ட்ரோடு 25 டிகிரி செல்சியஸில் ஒரு பி.எச். அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் தர வேண்டும். இதை லேபில் ஸ்லோப் என்பார்கள். எலெக்ட்ரோடுக்கு வயதாக ஆக, அழுக்கு ஏற ஏற, குமிழ் காய்ந்து கிடக்கக் கிடக்க, இந்த ஸ்லோப் இறங்கும். 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. 90-க்குக் கீழே போனால் கழுவிப் பார்க்க வேண்டும்; அப்போதும் தேறாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். கவனிக்காமல் விட்ட ஒரு மீட்டரில் ஸ்லோப் 65 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் பி.எச். 10 உள்ள கழிவுநீர் அந்தத் திரையில் 8.95 என்று தெரியும். உண்மையில் 4.7 உள்ள அமில நீர் 5.5 என்று தெரியும். இரண்டுமே சட்டப்படி தேறிவிடும்.

ஸ்லோப் இறங்கிய கருவியின் தவறு எப்போதும் ஒரே திசையில், 7-ஐ நோக்கியே போகிறது. காரம் மிகுந்ததும் குறைத்துச் சொல்லப்படும், அமிலம் மிகுந்ததும் குறைத்துச் சொல்லப்படும். அபாயத்தை மிகைப்படுத்தும் கருவியாக இருந்தால் ஆலைக்காரர் உடனே ஆள் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுவார். இது அபாயத்தை மறைக்கும் கருவி. இதைப் பற்றி அவர் ஏன் புகார் சொல்லப் போகிறார்? பி.எச். கணக்கில் ஓர் அலகு என்பது பத்து மடங்கு வேறுபாடு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 10-ஐ 9 என்று காட்டும் மீட்டர், காரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டுகிறது.

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற சோடா ஆஷ் போட்டுக் குளியலின் பி.எச். அளவை 11-க்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். கழிவும் அந்தக் காரத்தோடுதான் வெளியே வரும். 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயக் கழிவின் தேக்கமானதை நொய்யல் கரை விவசாயிகள் மறக்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே அவை மீண்டும் இயங்க முடிந்ததையும் தொழில்துறை மறக்கவில்லை. அங்கே மண்ணையும் கிணற்றையும் கெடுத்ததில் முதல் குற்றவாளி உப்பு, பி.எச். இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த உப்பைப் பிரித்தெடுக்கும் இன்றைய சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொரு கட்டத்திலும் பி.எச். அளவை நம்பியே ஓடுகின்றன. அமிலம் எவ்வளவு விட வேண்டும் என்று பம்புக்குக் கட்டளையிடுவது தொட்டியில் தொங்கும் எலெக்ட்ரோடு, அதாவது ப்ரோப். அது காரத்தைக் குறைத்துச் சொன்னால் அமிலம் குறைவாக விழும். கார நீர் அப்படியே உயிரியல் தொட்டிக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களை நசுக்கும். அதையும் தாண்டி ஆர்.ஓ. சவ்வுக்குப் போனால் சுண்ணாம்புப் படிவம் கட்டும். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய நிலையத்தை ஒரு எலெக்ட்ரோடு இப்படி முடக்கிவிடும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கம் போனால் விஷயம் இன்னும் கடுமை. தோலில் உள்ள மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு நல்ல காரமாக இருக்கும்வரை சல்பைடு தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும். அமிலம் விட்டு பி.எச். இறங்க இறங்க அது ஹைட்ரஜன் சல்பைடாக மாறத் தொடங்குகிறது; 7-க்கு வரும்போது ஏறக்குறையப் பாதி அந்த வடிவத்துக்கு மாறிக் காற்றில் கிளம்பத் தயாராக இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் இந்த வாயு, செறிவு கூடினால் மூக்கின் உணர்ச்சியையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்துத் தொட்டிக்குள் இறங்குகிறவர் ஏறி வருவதில்லை. அமிலத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தத் தொழிலாளிக்குச் சொல்ல இருப்பது திரையில் ஓடும் எண் ஒன்றுதான். உண்மையில் 6-க்குப் போய்விட்ட தண்ணீரைக் கெட்டுப்போன ப்ரோப் 6.4 என்கிறது, 6.6 என்கிறது. குரோமியத்தைப் படியவைக்கும் இடத்திலும் இதே கண்டம்தான். 8-க்கும் 9-க்கும் இடைப்பட்ட குறுகிய இடத்தில் நிறுத்தினால்தான் அது நன்றாக வண்டலாக இறங்கும்; முன்னே பின்னே போனால் தண்ணீரோடு போய்விடும்.

எந்தக் கழிவை அளக்க இந்தக் கருவி மிக அவசியமோ, அந்தக் கழிவே அதை மிக விரைவில் கெடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எலெக்ட்ரோடுக்கு உள்ளே இருக்கும் வெள்ளிக் குளோரைடைச் சல்பைடு தாக்கிக் கறுப்பாக்கிவிடும். தோலில் இருந்து கரையும் புரதம், எலெக்ட்ரோடு பக்கவாட்டில் இருக்கும் நுண்ணிய பீங்கான் துளையை அடைத்துக்கொள்ளும். சல்பைடு கறைக்குத் தயோயூரியாக் கரைசலும், புரதத்துக்குப் பெப்சின் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வைத்துக் கழுவ வேண்டும். தோல் கழிவில் முழுநேரமும் மூழ்கிக் கிடக்கும் ப்ரோப், குடிநீர் லேபில் இருக்கும் ப்ரோப் உழைக்கும் காலம் உழைக்காது. இரண்டையும் ஒரே பராமரிப்பு அட்டவணையில் வைப்பதில் அர்த்தமே இல்லை.

மற்ற இடங்களும் தப்பவில்லை. ஊராட்சித் தொட்டியில் போடும் குளோரினில் கிருமியைக் கொல்லும் வடிவம் ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7.5-இல் அது ஏறக்குறையப் பாதி இருக்கும், 8.5-இல் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். தொட்டி இயக்குபவர் அதே பிளீச்சிங் பவுடரைப் போட்டுக்கொண்டே இருப்பார், காலரா வந்த பிறகு அவர்மீது பழி விழும். நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கரையோர இறால் குட்டைகளில் மதிய வெயிலில் பாசி வேலை செய்து பி.எச். அளவை ஏற்றும். 30 டிகிரி நீரில் 8.8 இருக்கும்போது அம்மோனியாவில் நஞ்சான பங்கு, 8.4-இல் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. கையில் பிடிக்கும் பேனா மீட்டரின் ஸ்லோப் 80 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 8.8-ஐ அது 8.4 என்றுதான் காட்டும்.

மண்வள அட்டைக்கும் இது பொருந்தும். 2015-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விவசாயிக்குத் தரும் அட்டையில் இருக்கும் 12 அளவுகளில் பி.எச். ஒன்று. 8.5-ஐத் தாண்டினால் களர் நிலம். ஜிப்சம் இட்டு, நீர் கட்டி, வடித்துச் சீர்திருத்த வேண்டும். திருச்சிப் பக்கத்துக் களர் நிலங்களுக்காகவே டி.ஆர்.ஒய். வரிசை நெல் ரகங்கள் வந்திருக்கின்றன. அளவுத்திருத்தம் செய்யாத மீட்டர் 8.9-ஐ 8.4 என்று எழுதிவிட்டால், அந்த விவசாயிக்கு ஜிப்சம் பரிந்துரை வராது. அவர் யூரியாவைக் கூட்டிக்கொண்டே போவார், பயிர் காய்ந்துகொண்டே போகும். அட்டை அரசு கொடுத்தது, அதனால் தன் கண்ணைவிட அட்டையை நம்புவார்.

அளவுத்திருத்தம் எப்படிச் செய்ய வேண்டும் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. நம் ஊரில் 4, 7, 9.2 என்று மூன்று பஃபர் மாத்திரைகள் கிடைக்கின்றன. வழக்கமாக ஒரு மாத்திரையை 100 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் கரைக்கிறார்கள். எலெக்ட்ரோடைக் கழுவி, மெல்லிய டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்துத் துடைக்கக் கூடாது. 7 கரைசலில் வைத்து மில்லிவோல்ட் காட்டும் பொத்தானை அமுக்கினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், கூடக் குறைய 30-க்குள் நிற்க வேண்டும். மறுபடி கழுவி 4-இல் வைத்தால் அதிலிருந்து 177 அளவுக்கு ஏற வேண்டும். 9.2-இல் வைத்தால் 130 அளவுக்கு இறங்க வேண்டும். 7-இல் 12 காட்டிய எலெக்ட்ரோடு 4-இல் 150 மட்டுமே காட்டினால், இடையே இருப்பது 138; ஸ்லோப் 78 சதவீதம். அந்த எலெக்ட்ரோடால் அதற்குமேல் ஒரு மாதிரியையும் அளக்கக் கூடாது. எண் நிலைக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். நல்ல எலெக்ட்ரோடு அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். கெட்டது ஊர்ந்துகொண்டே இருக்கும்.

நடைமுறையில் பல இடங்களில் நடப்பது வேறு. 7 கரைசலில் மட்டும் வைத்து, திருகைத் திருப்பி 7-க்குக் கொண்டுவந்துவிட்டு, காலிபரேஷன் ஆயிற்று என்று எழுதிவிடுகிறார்கள். விரிசல் விட்ட குமிழ்கூட அந்தத் தேர்வில் தேறிவிடும் என்பதை மேலே பார்த்தோம். ஒற்றைப் புள்ளியில் திருத்துவது எலெக்ட்ரோடின் ஸ்லோப்பைப் பற்றி எதையுமே சொல்லாது. வேறு சில இடங்களில் 4-உம் 7-உம் வைக்கிறார்கள், அளப்பதோ 10 பக்கம் இருக்கும் காரக் கழிவு. அளக்கப் போகும் நீர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துப் பஃபரைக் கொண்டு திருத்தினால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

பஃபரும் கெடும். 9.2 கரைசல் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொண்டு தன் பி.எச். அளவிலிருந்து இறங்கும். மூடியைத் திறந்த தேதி எழுதாத பாட்டிலும், பயன்படுத்தியதை மறுபடி ஊற்றிவைத்த பாட்டிலும் எதற்கும் சான்று ஆகாது. சித்திரை, வைகாசியில் ஏ.சி. இல்லாத லேபில் 35 டிகிரி சாதாரணம். 25 டிகிரியில் 9.18 இருக்கும் போராக்ஸ் பஃபர் அந்தச் சூட்டில் 9.10 பக்கம் இருக்கும். பாட்டிலின் அட்டவணையைப் பார்க்காமல் 9.18 என்றே மீட்டருக்குச் சொன்னால் அன்றைய அளவுகள் எல்லாமே பிசகும். எலெக்ட்ரோடை இரவில் டிஸ்டில்ட் வாட்டரில் ஊறப்போடும் பழக்கத்தையும் இன்றே நிறுத்த வேண்டும். அது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் இருக்க வேண்டும்.

மீட்டரின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இன்னொரு ஏமாற்று. வெளி நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்து, மின்னணுப் பெட்டியைச் சோதித்து, அடுத்த தேதி குறித்து ஒட்டிவிட்டுப் போகும். பெட்டி பல ஆண்டுகள் உழைக்கும். கெடுவது எலெக்ட்ரோடு, அது வாரத்தில் கெடும், சில கழிவுகளில் நாளில் கெடும். பி.எச். மீட்டருக்கு ஆண்டுச் சான்றிதழ் போதும் என்று ஏற்கும் தணிக்கை, தணிக்கையே இல்லை. சந்தைத் தராசுக்கு முத்திரை கேட்கிற நாம், ஆற்று நீரை எடைபோடும் கருவிக்கு ஒரு பஃபர் பாட்டிலைக்கூடக் கேட்பதில்லை.

2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கடும் மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் கழிவுநீரை இடைவிடாமல் அளந்து இணையத்தில் அனுப்பும் கருவிகளை வைக்க உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அந்தக் கருவிகளிலும் இருப்பது இதே கண்ணாடிக் குமிழ்தான். அதன்மேல் சேறும் பாசியும் படியும், ஸ்லோப் இறங்கும், எண் 7-ஐ நோக்கி நகரும். கணினித் திரையில் கோடு நேராக, பச்சையாக ஓடிக்கொண்டிருக்கும். நாளெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் கழிவில் 7.2 என்ற எண் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிறது என்றால், அது தூய்மைக்கு அடையாளம் அல்ல. ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டிய அறிகுறி. ப்ரோபைக் கழற்றி ஒரு குவளை பஃபரில் போட்டுவைத்தால்கூட இதே எண்தான் வரும் என்பதை அதிகாரிகள் அறியாதவர்கள் அல்ல.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை நாம் கேட்டுக்கொள்வது, பெரும் செலவு எதுவும் இல்லாத ஒரு காரியம். ஆய்வுக்குப் போகும் ஒவ்வோர் அதிகாரியும் தன் பையில் சீல் உடைக்காத 4, 7, 9.2 பஃபர்களைக் கொண்டு போகட்டும். மாதிரி எடுக்கும் முன், ஆலையின் ப்ரோபை அந்த மூன்றிலும் நனைத்து, மூன்று எண்களையும் அறிக்கையின் முதல் வரியில் எழுதட்டும். தேறாத ப்ரோப் தந்த முந்தைய நாள்களின் பதிவுகளைச் செல்லாதவை என்று அறிவிக்கட்டும். இணையத்தில் பி.எச். அளவு போகும்போது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, அப்போது ஸ்லோப் எவ்வளவு என்பதும் கூடவே போகட்டும். காலிபரேஷன் பதிவேட்டில் ஒரு மாதம் முழுக்க ஒரே ஸ்லோப், ஒரே பேனா மையில் இருந்தால் அது அளந்தது அல்ல, எழுதியது. அதற்குத் தண்டனை இருக்கட்டும்.

வேளாண்மைத் துறையும் குடிநீர் வடிகால் வாரியமும் தங்கள் லேப்களுக்கு எலெக்ட்ரோடையும் பஃபரையும் நிரந்தரத் தளவாடம் என்று எண்ணாமல், ஆண்டுதோறும் தீரும் பொருளாகக் கருதி நிதி ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ எலெக்ட்ரோடு மாற்றத்தான் வேண்டியிருக்கும். கொள்முதல் கோப்பு நகரும்வரை பழையதையே ஓட்டு என்று சொல்லும் மேலதிகாரி, தவறான அறிக்கைகளுக்குத் தானே கையெழுத்துப் போடுகிறார் என்பதை உணர வேண்டும். கல்லூரி, பாலிடெக்னிக் ஆய்வகங்களில் பி.எச். மீட்டர் செய்முறைக்கு மதிப்பெண் தரும் ஆசிரியர்கள், மாதிரியின் எண்ணைக் கேட்கும் முன் ஸ்லோப்பைக் கேட்க வேண்டும். பதினெட்டு வயதில் பழகாத கையை, முப்பது வயதில் சுத்திகரிப்பு நிலையத்தில் பழக்க முடியாது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிணற்றுத் தண்ணீருக்கோ, வயல் மண்ணுக்கோ, குட்டைக்கோ, உங்கள் தெரு வழியாக ஓடும் கழிவுக்கோ பி.எச். அளவு போட்ட ஓர் அறிக்கை கைக்கு வந்தால், எந்தெந்தப் பஃபரில் திருத்தினீர்கள், எப்போது திருத்தினீர்கள், ஸ்லோப் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத அறிக்கையை வாங்கிக்கொள்ளாதீர்கள். மறுபடி அளந்து தரச் சொல்லுங்கள்.